சோலார் பேட்டரியில் ஒன்பதாவது செல் மட்டும் 3.65 வோல்ட்டைத் தொடுகிறது. வெயில் கொளுத்தும் நேரத்தில் வீடு இருட்டாகிறது. பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் பி.எம்.எஸ். அமைப்பில் எங்கே தவறு?

ராமமூர்த்திநகர் வாசி (சனிக்கிழமை, இரவு 9.40)

அனைவருக்கும் வணக்கம். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் 550 வாட் பேனல்கள் ஆறு உள்ளன. கீழே ஒரு சிறிய அறையில் 5 கிலோவாட் இன்வெர்ட்டரும், 280 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல்கள் பதினாறைத் தொடராக இணைத்த பேட்டரியும் இருக்கின்றன. பெஸ்காம் (மின் வினியோக நிறுவனம்) இணைப்புக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புவதில்லை, வீட்டுக்கு மட்டுமே. பி.எம்.எஸ். 200 ஆம்பியர் வகை. அதற்குள்ளேயே செல்களைச் சமப்படுத்தும் 2 ஆம்பியர் ஆக்டிவ் பேலன்சரும் இருக்கிறது. கைபேசியில் ஒவ்வொரு செல்லின் வோல்ட்டையும் பார்க்கலாம்.

இரண்டு வாரங்களாக ஒரு தொல்லை. பகல் 12.30 மணி அளவில், பேட்டரி நிரம்பும் தறுவாயில், ஒன்பதாவது செல் மட்டும் விறுவிறுவென ஏறி 3.65 வோல்ட்டைத் தொடுகிறது. அந்நேரம் மற்ற பதினைந்தும் 3.40ஐச் சுற்றியே நிற்கின்றன. உடனே பி.எம்.எஸ். சார்ஜைத் துண்டிக்கிறது, இன்வெர்ட்டர் ‘பேட்டரி வோல்ட்டேஜ் அதிகம்’ என்ற பிழையைக் காட்டி முழுவதுமாக நின்று விடுகிறது. நேற்று தோசைக்கு மாவு ஆட்டிக் கொண்டிருந்த கிரைண்டர் பாதியில் நின்றது. வெளியே கண் கூசும் வெயில், வீட்டுக்குள் மின்விசிறி கூட இல்லை.

அமைத்துக் கொடுத்தவர் வந்து பார்த்தார்; மீட்டரை எடுக்கவே இல்லை. ஒன்பதாவது செல் கெட்டு விட்டது, ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவற்றோடு ஒத்துப் போகாது, எனவே பதினாறையும் மாற்ற வேண்டும் என்று சொல்லி விட்டுப் போனார். வாங்கி எட்டு மாதம் கூட ஆகாத செல்களைத் தூக்கி எறிய மனம் ஒப்பவில்லை. விவரம் அறிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

மாடித்தோட்டம் (சனிக்கிழமை, இரவு 10.15)

எனக்கும் சென்ற ஆண்டு இதே நிலை வந்தது. பி.எம்.எஸ். அமைப்புக்குள் சென்று செல்லின் உச்ச வரம்பை 3.65இலிருந்து 3.75 ஆக உயர்த்தினேன். அன்றிலிருந்து ஒரு முறை கூடத் துண்டிக்கவில்லை. இதற்குப் போய் இவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை.

பீன்யா பொறியாளர் (சனிக்கிழமை, இரவு 11.05)

மாடித்தோட்டம் ஐயா, கோபித்துக் கொள்ளாதீர்கள். புகை வந்ததும் மணி அடிக்கிறது என்பதற்காக மணியின் கம்பியை அறுத்து விட்டது போன்றது இது. 3.65 வோல்ட் என்பது செல் தயாரித்தவர்கள் வகுத்த எல்லை. இந்த வகைச் செல்லில் 3.45ஐத் தாண்டிய பிறகு உள்ளே ஏறுவதற்குச் சரக்கு ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. அதற்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு மில்லிவோல்ட்டும் மின்பகு திரவத்தைத்தான் தின்னும். தயவுசெய்து இன்றே பழைய அளவுக்குத் திருப்பி விடுங்கள்.

கேள்வி கேட்டவருக்கு: நான் பீன்யாவில் பேட்டரி கட்டும் ஒரு சிறு தொழிற்கூடத்தில் பணிபுரிகிறேன். ‘கெட்டுப் போன செல்’ என்று எங்களிடம் வருபவற்றில் பல, செல்லில் எந்தக் குறையும் இல்லாதவை. பி.எம்.எஸ். காட்டும் எண் செல்லின் எண் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில், அளவுக் கம்பியின் நுனி எந்த இரண்டு இடங்களைத் தொடுகிறதோ, அந்த இரண்டு இடங்களுக்கு இடையிலுள்ள வோல்ட்டைத்தான் அது காட்டுகிறது. நடுவில் ஒரு தளர்ந்த நட்டு இருந்தால் அதன் குறையும் செல்லின் கணக்கில் எழுதப்பட்டு விடும்.

எனவே எதையும் கழற்றாமல் நாளை மூன்று அளவுகளை மட்டும் எடுத்து எழுதுங்கள். பேட்டரி பாதி நிரம்பியிருக்கும் வேளையில், நல்ல வெயிலில் 60 ஆம்பியர் அளவுக்கு ஏறும்போது, ஒன்பதாவது செல்லுக்கும் மற்றவற்றின் சராசரிக்கும் எவ்வளவு வித்தியாசம்? மாலையில் ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடி, ஏறக்குறைய அதே 60 ஆம்பியர் வெளியேறும்போது எவ்வளவு? ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் அரை மணி நேரம் ஓய்வாக இருந்த பிறகு எவ்வளவு? இந்த மூன்றும் கிடைத்தால் நோய் செல்லிலா, இணைப்பிலா என்று இங்கிருந்தே சொல்லி விடலாம்.

ராமமூர்த்திநகர் வாசி (ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.20)

அளந்து விட்டேன். 60 ஆம்பியர் ஏறும்போது ஒன்பதாவது செல் 48 மில்லிவோல்ட் கூடுதலாகக் காட்டியது. 58 ஆம்பியர் இறங்கும்போது 46 மில்லிவோல்ட் குறைவாகக் காட்டியது. ஓய்வில் வித்தியாசம் 2 மில்லிவோல்ட் மட்டுமே. ஏறும்போது மேலே, இறங்கும்போது கீழே, சும்மா இருந்தால் சமம் என்பது எனக்கே விசித்திரமாகப் படுகிறது.

பீன்யா பொறியாளர் (ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.55)

விசித்திரம் எதுவுமில்லை, மின்னோட்டத்தின் திசையோடு சேர்ந்து குறி மாறுகிறது என்றால் அங்கே ஒரு மின்தடை ஒளிந்திருக்கிறது என்று பொருள். 48 மில்லிவோல்ட்டை 60 ஆம்பியரால் வகுத்தால் 0.8 மில்லி ஓம். இந்த அளவுள்ள ஒரு நல்ல செல்லின் உள்தடையே ஏறக்குறைய 0.2 மில்லி ஓம்தான். அதைப் போல நான்கு மடங்கு கூடுதல் தடை உங்கள் ஒன்பதாவது செல்லின் மூட்டில் உட்கார்ந்திருக்கிறது. 60 ஆம்பியரில் அந்த ஒரு முனையில் 3 வாட் வெப்பம். இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 110 ஆம்பியர் இழுத்தால் 10 வாட்டுக்கு அருகில் வரும். கட்டைவிரல் அளவுள்ள ஓர் இடத்துக்கு அது அதிகம். கை வைத்துப் பார்க்காதீர்கள். அந்தி வேளையில் சுமையைக் கொடுத்து, வெப்பமானியால் பாருங்கள்.

ஒன்பதாவது செல்லின் இரு முனைகளிலும் பஸ்பாரை (செல்களை இணைக்கும் உலோகப் பட்டையை) கழற்றி, நட்டு, வாஷர், பஸ்பார் எல்லாம் எந்த வரிசையில் இருக்கின்றன என்று படம் எடுங்கள். அதற்கு முன் பேனல் ஐசோலேட்டர், இன்வெர்ட்டர், பேட்டரி பிரேக்கர் என்ற வரிசையில் அணைத்து விடுங்கள். பி.எம்.எஸ்.இன் அளவுக் கம்பித் தொகுப்பைக் கழற்றிய பிறகே பஸ்பாரைத் தொடுங்கள்; கம்பி செருகியிருக்கும்போது நடுவில் ஒரு பஸ்பாரைப் பிரித்தால், பேட்டரியின் முழு வோல்ட்டும் அந்த மெல்லிய கம்பிகள் வழியே பாய்ந்து பி.எம்.எஸ். பலகையைச் சுட்டு விடும். ஸ்பேனரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக் கொள்ளுங்கள்.

பழைய மின்பணியாளன் (ஞாயிற்றுக்கிழமை, இரவு 9.30)

அவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி மூன்றையும் கழற்றி வேறு அறையில் வைத்து விட்டு வாருங்கள். அரைஞாண் வெள்ளியாக இருந்தால் அதையும்தான். 51 வோல்ட் உடலில் அதிர்ச்சி தராது என்ற நினைப்பில் மெத்தனமாக இருக்கிறார்கள். அதிர்ச்சி பிரச்சினை அன்று, அது மோதிரத்தை உருக்கும்.

ராமமூர்த்திநகர் வாசி (திங்கட்கிழமை, காலை 7.10)

கண்டுபிடித்தாயிற்று! ஒன்பதாவது செல்லின் நேர்முனையில், செல் முனைக்கும் பஸ்பாருக்கும் நடுவில் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷர் இருக்கிறது. மற்ற எல்லா முனைகளிலும் முனை, அதன் மேல் பஸ்பார், அதன் மேல் அளவுக் கம்பியின் லக் (வளைய முனை), அதன் மேல் வாஷர், கடைசியில் நட்டு என்றிருக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் வாஷர் பஸ்பாருக்கு அடியில் போயிருக்கிறது. அந்த வாஷரைச் சுற்றி முனை லேசாகப் பழுப்பேறியும் இருக்கிறது. அமைத்தவர்கள் மாலை இருட்டிய பிறகு கைபேசி வெளிச்சத்தில் முடுக்கியது நினைவுக்கு வருகிறது.

பீன்யா பொறியாளர் (திங்கட்கிழமை, காலை 7.45)

அதே பழைய கதைதான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் செம்பைவிடச் சுமார் 40 மடங்கு மின்தடை உள்ளது. அது நட்டை இறுக்கிப் பிடிக்க வந்தது. மின்சாரத்தைக் கடத்த வந்ததன்று. வாஷரை மேலே மாற்றுங்கள். முனையையும் பஸ்பாரின் அடிப்பக்கத்தையும் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து விட்டு உடனே பூட்டுங்கள், ஏனெனில் அலுமினியப் பரப்பில் ஆக்சைடு படலம் மீண்டும் விரைவில் படரும். நட்டை மனம்போன போக்கில் முடுக்காமல் டார்க் ரெஞ்ச் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கொண்டு முடுக்குங்கள். 6 மில்லிமீட்டர் திருகு முனைகளுக்குப் பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன்-மீட்டர் வரைதான். உங்கள் செல்லின் தகவல் தாளில் என்ன போட்டிருக்கிறதோ அதுவே கடைசி வார்த்தை. ‘இன்னும் ஒரு சுற்று’ என்று முடுக்கினால் பற்றவைத்த திருகு முனையோடு கையில் வந்து விடும்.

ஆனால் இத்தோடு முடியும் என்று எண்ண வேண்டாம். 48 மில்லிவோல்ட் போனாலும் மற்றவை 3.40இல் இருக்க இது மட்டும் 3.65க்குப் போவதற்கு அது போதாது. உங்கள் பேட்டரிக்கு இரண்டு நோய்கள். பேலன்சர் எத்தனை வோல்ட்டில் வேலையைத் தொடங்கும்படி வைக்கப்பட்டிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

ராமமூர்த்திநகர் வாசி (திங்கட்கிழமை, இரவு 9.00)

வாஷரை மாற்றிப் பூட்டினேன். இப்போது 60 ஆம்பியரில் வித்தியாசம் 5 மில்லிவோல்ட்டுக்குள் வந்து விட்டது. ஆனால் நீங்கள் சொன்னது போலவே, இன்றும் பகலில் ஒன்பதாவது செல் முந்திக் கொண்டு 3.65ஐத் தொட்டது. பேலன்சர் தொடங்கும் அளவு 3.00 வோல்ட் என்றும், தூண்டும் வித்தியாசம் 5 மில்லிவோல்ட் என்றும் இருக்கிறது. பெட்டியிலிருந்து வந்தபடியே விட்டிருக்கிறார்கள் போலும்.

பீன்யா பொறியாளர் (திங்கட்கிழமை, இரவு 10.10)

இதுதான் இரண்டாவது நோய். சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் பேலன்சர் இருந்தாலே செல்கள் சமமாகி விடும் என்ற நம்பிக்கை பலரிடமும் உள்ளது.

ஆக்டிவ் பேலன்சர் செய்வதெல்லாம் ஒன்றே: வோல்ட் அதிகமாகத் தெரியும் செல்லிலிருந்து எடுத்து, குறைவாகத் தெரியும் செல்லுக்குக் கொடுக்கிறது. உங்கள் வீட்டில் ஐந்து மணி நேரம் பேட்டரி ஏறுகிறது. மீதி நேரமெல்லாம் குளிர்சாதனப் பெட்டிக்கும் விசிறிகளுக்கும் ஏழெட்டு ஆம்பியர் இறங்கிக் கொண்டே இருக்கிறது. 0.8 மில்லி ஓம் தடையில் 8 ஆம்பியர் ஓடினால் 6 மில்லிவோல்ட் குறைவாகத் தெரியும். அது நீங்கள் வைத்திருக்கும் 5 மில்லிவோல்ட்டைத் தாண்டி விடுகிறது. ஆக, வாஷர் சொன்ன பொய்யை நம்பி, ‘ஒன்பதாவது செல் இளைத்திருக்கிறது’ என்று பேலன்சர் இரவு முழுவதும் மற்றவர்களிடமிருந்து பிடுங்கி அதற்கு ஊட்டியிருக்கிறது. பகலில் எடுத்தது குறைவு, இரவில் கொடுத்தது அதிகம். பந்தியில் ஓர் இலைக்கு மட்டும் மறுபடி மறுபடி பரிமாறிய கதை. மறுநாள் பகலில் அந்த இலைதான் முதலில் வழிகிறது.

இன்வெர்ட்டர் ஏன் இதைத் தடுக்கவில்லை என்றால், அது இலைகளைப் பார்ப்பதில்லை, பந்தியின் மொத்தக் கணக்கை மட்டுமே பார்க்கிறது. பதினைந்து செல்கள் 3.40, ஒன்று 3.65 என்றால் மொத்தம் 54.65 வோல்ட். உங்கள் இன்வெர்ட்டரில் சார்ஜ் வோல்ட் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? பழைய டியூபுலர் (ஈய-அமில) பேட்டரிக்கான 56.4 அப்படியே இருக்கும் என்பது என் ஊகம்.

ராமமூர்த்திநகர் வாசி (திங்கட்கிழமை, இரவு 10.25)

அம்மா, சரியாக 56.4தான்! ஈக்வலைசேஷன் என்ற ஒன்றும் மாதம் ஒரு முறை 58.4 என்று இயக்கத்தில் இருக்கிறது.

பழைய மின்பணியாளன் (செவ்வாய்க்கிழமை, காலை 6.30)

ஈக்வலைசேஷனை இந்த நிமிடமே அணையுங்கள். அது ஈய-அமில பேட்டரியில் அமிலம் அடியில் தேங்காமலும் தகடுகளில் சல்பேட் உறையாமலும் இருக்கக் கொதிக்க வைக்கும் வைத்தியம். லித்தியத்துக்கு அந்த நோயும் இல்லை, அந்த மருந்தும் ஆகாது.

இந்தச் செல்களின் குணத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். டியூபுலர் பேட்டரியில் வோல்ட்டைப் பார்த்தே எவ்வளவு மிச்சம் என்று ஓரளவு சொல்லி விடலாம். லித்தியம் இரும்பு பாஸ்பேட்டில் அது நடக்காது. 20 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரை வோல்ட் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், 3.2க்கும் 3.35க்கும் நடுவில் படுத்துக் கிடக்கும். லித்தியம் உள்ள இரும்பு பாஸ்பேட்டும் லித்தியம் நீங்கிய இரும்பு பாஸ்பேட்டும் ஒரே மின்வாயில் இரண்டு தனித்தனி நிலைகளாக அருகருகே இருப்பதும், ஒன்று குறைந்து மற்றது பெருகுவதுமே சார்ஜ் என்பதும்தான் இதற்குக் காரணம். அந்தச் சமவெளியில் 2 மில்லிவோல்ட் வித்தியாசம் என்பது பல ஆம்பியர்-மணி வித்தியாசத்தை மறைத்து வைத்திருக்கலாம். ஆகவேதான் ஓய்வில் உங்கள் செல் நல்ல பிள்ளையாகத் தெரிந்தது. உண்மை தெரிவது 3.40க்கு மேல், மலை ஏறத் தொடங்கும் இடத்தில் மட்டுமே. பேலன்சரும் அங்கே மட்டும்தான் வேலை செய்ய வேண்டும்.

இந்த வேதியியல் எங்கோ தொலைவிலிருந்து வந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. பாஸ்பேட், சல்பேட் போன்ற கூட்டயனிகளை (பல அணுக்கள் சேர்ந்த அயனிகளை) வைத்தால் இரும்பு போன்ற மலிவான உலோகத்திலிருந்தும் கூடுதல் வோல்ட் கிடைக்கும் என்ற அடிப்படையை 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து காட்டியவர் தென் தமிழகத்தின் அமராபுரத்தில் பிறந்து மதுரையிலும் சென்னை ஐ.ஐ.டி.யிலும் படித்த ஆறுமுகம் மந்திரம். அந்த வழியில் சென்றுதான் 1997இல் குட்இனஃபின் குழு லித்தியம் இரும்பு பாஸ்பேட்டை வெளியிட்டது. 2019இல் குட்இனஃப் நோபல் பரிசு பெற்றபோது அவர் சார்பில் நோபல் உரையை நிகழ்த்தியவரும் மந்திரம்தான். சரி, நட்டுக்கும் வாஷருக்கும் திரும்புவோம்.

பீன்யா பொறியாளர் (செவ்வாய்க்கிழமை, இரவு 9.15)

இப்போது அமைப்புகள். இதில் என் கருத்து உறுதியானது, மாற்றுக் கருத்து உள்ளவர்கள் தாராளமாக எழுதலாம்: பி.எம்.எஸ். தினமும் துண்டிக்கிறது என்றால், அது எந்த அளவில் துண்டித்தாலும், அமைப்பு தவறு. தினசரி நிறுத்தும் வேலை இன்வெர்ட்டருடையது; பி.எம்.எஸ்.இன் வேலை, இன்வெர்ட்டர் தவறும் அந்த ஒரு நாளுக்காகக் காத்திருப்பது. 60 ஆம்பியர் பாய்ந்து கொண்டிருக்கும்போது பி.எம்.எஸ். வாசலை அடைத்தால், பேனலிலிருந்து வரும் மின்சாரத்துக்குப் போக இடமில்லாமல் இன்வெர்ட்டருக்குள் வோல்ட் ஒரே தாவாகத் தாவுகிறது. உங்கள் கிரைண்டர் நின்றதற்குக் காரணம் அந்தத் தாவல்தான். தினமும் இப்படி நடந்தால் பி.எம்.எஸ்.க்குள் சுவிட்சாக வேலை செய்யும் மாஸ்ஃபெட்டுகளுக்கும் நல்லதன்று.

எனவே முதலில் இன்வெர்ட்டர். பேட்டரி வகையைப் பயனர் அமைப்பு என்று மாற்றி, சார்ஜ் வோல்ட்டை 55.2 என்றும் (செல்லுக்கு 3.45), ஃபுளோட்டை (நிரம்பிய பிறகு பிடித்து வைக்கும் வோல்ட்டை) 53.6 என்றும் (செல்லுக்கு 3.35), கீழ் வெட்டை 48.0 என்றும் (செல்லுக்கு 3.00) வையுங்கள். 55.2 வைத்தால் பேட்டரி முழுதாக நிரம்பாதே என்று அடுத்த கேள்வி வரும். நிரம்பும், 3.45இல் சிறிது நேரம் பிடித்து வைத்தாலே ஏறக்குறைய முழுக் கொள்ளளவும் வந்து விடுகிறது, சற்றுக் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவே.

பிறகு பி.எம்.எஸ். செல் உச்ச வெட்டு 3.60 அல்லது 3.65, மீண்டும் அனுமதிப்பது 3.45; செல் கீழ் வெட்டு 2.80, மீண்டும் அனுமதிப்பது 3.05. இரண்டு வேலிகளுக்கும் நடுவில் இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள்: உள்வேலி இன்வெர்ட்டர், வெளிவேலி பி.எம்.எஸ். இறக்க மின்னோட்ட வரம்பை 200 என்று விடாதீர்கள். உங்கள் செல்களுக்குப் பாதி விகிதமான 140 ஆம்பியர் போதும், உங்கள் இன்வெர்ட்டரே 112க்கு மேல் கேட்காது. பேலன்சர் தொடக்கம் 3.42, தூண்டும் வித்தியாசம் 10 மில்லிவோல்ட்.

இனி ஒன்பதாவது செல்லில் சேர்ந்து போன உபரியை வடிக்க வேண்டும். பதினாறையும் கழற்றி இணையாகக் கட்டி 3.65 வோல்ட்டில் ஏற்றும் முறை சுத்தமானது. ஆனால் பாதி காலியான நிலையில் 10 ஆம்பியர் மேசைச் சார்ஜரை வைத்தால் 2,240 ஆம்பியர்-மணி ஏற ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் ஒரு நாள் யாராவது வோல்ட் குமிழைத் திருகி விட்டால் கதை கந்தலாகி விடும். உங்களுக்கு அது தேவையில்லை. இன்வெர்ட்டரில் சார்ஜ் வோல்ட்டை முதல் நாள் 54.4 என்று வைத்து, மின்னோட்டத்தை 10 ஆம்பியராகக் குறைத்து, பிற்பகல் முழுவதும் அப்படியே நிற்க விடுங்கள். ஒன்பதாவது செல் மட்டும் 3.50, 3.55 என்று ஏறி நிற்கும். பேலன்சர் அதிலிருந்து மட்டும் எடுக்கும். மறுநாள் 54.6. இப்படி நாளுக்கு 0.2 வோல்ட்டாக 55.2 வரை வாருங்கள்.

தில்லிக்காரன் (புதன்கிழமை, காலை 8.00)

தில்லியில் மயூர் விஹாரிலிருந்து எழுதுகிறேன். வெப்பநிலை வரம்பைப் பற்றி யாரும் பேசவில்லையே? எங்கள் ஊரில் மே மாதம் 45 டிகிரியைத் தொடுகிறது. பால்கனியில் வைத்த பேட்டரி நண்பகலில் சார்ஜை மறுத்து விடுகிறது.

பழைய மின்பணியாளன் (புதன்கிழமை, காலை 9.10)

மறுப்பதுதான் முறை. செல்லின் உடல் 50, 55 டிகிரியைத் தாண்டினால் ஏற்றக் கூடாது. பால்கனியிலிருந்து உள்ளறைக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பூஜ்யத்துக்குக் கீழே இந்தச் செல்களை ஏற்றவே கூடாது, எதிர்முனையில் லித்தியம் உலோகமாகப் படிந்து விடும். ஆனால் பெங்களூருவின் மார்கழிக் குளிரும் சரி, தில்லியில் வீட்டுக்குள் அடிக்கும் குளிரும் சரி, அந்த அளவுக்குப் போகாது. பி.எம்.எஸ்.இன் வெப்ப உணர்விகள் இரண்டும் செல்களின் நடுவே ஒட்டியிருக்கின்றனவா, காற்றில் தொங்குகின்றனவா என்று மட்டும் பாருங்கள். தொங்கும் உணர்வி அறையின் வெப்பத்தைத்தான் சொல்லும்.

ராமமூர்த்தி நகர் நண்பரிடம் என் கேள்வி வேறு. பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் என்ன ஃபியூஸ் போட்டிருக்கிறீர்கள்?

ராமமூர்த்திநகர் வாசி (புதன்கிழமை, இரவு 8.40)

ஃபியூஸ் எதுவும் இல்லை, ஐயா. 125 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று இருக்கிறது. அதன் மேல் 415 வோல்ட் என்று அச்சிட்டு, பக்கத்தில் அலை போன்ற ஒரு குறி இருக்கிறது. ஷார்ட் ஆனால் பி.எம்.எஸ்.ஏ துண்டித்து விடும், ஃபியூஸ் வீண் செலவு என்றார்கள்.

பழைய மின்பணியாளன் (புதன்கிழமை, இரவு 9.35)

அந்த அலைக்குறி மாறுதிசை (ஏ.சி.) மின்சாரத்துக்கானது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைக் கடக்கிறது, எம்.சி.பி. திறக்கும்போது எழும் தீப்பொறி அந்தப் பூஜ்யத்தில் தானாக அணைகிறது. பேட்டரியின் நேர்மின்சாரத்துக்கு (டி.சி.) பூஜ்யமே கிடையாது. பொறி எழுந்தால் எரிந்து கொண்டே இருக்கும், எம்.சி.பி.யின் உடலே உருகும்.

எவ்வளவு மின்சாரம் என்று ஒரு கணக்குப் போடுவோம். பதினாறு செல்களின் உள்தடை சுமார் 3.2 மில்லி ஓம். பஸ்பார், கேபிள் எல்லாம் சேர்த்து 5 மில்லி ஓம் என்று தாராளமாகவே வைத்துக் கொள்ளுங்கள். 51 வோல்ட்டை அதனால் வகுத்தால் 10,000 ஆம்பியருக்கு மேல். அந்த வெள்ளத்தின் முன் பி.எம்.எஸ்.இன் மாஸ்ஃபெட்டுகள் துண்டிக்கக் கூடும். துண்டிக்காமல் தாமே ஷார்ட் ஆகி, கதவு திறந்தபடி வெல்டிங் ஆனது போலவும் நிற்கக் கூடும். மாஸ்ஃபெட் கெடும்போது பெரும்பாலும் துண்டித்த நிலையிலன்று, ஒட்டிய நிலையில்தான் கெடுகிறது. ஆகையால் பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஓர் அடிக்குள், டி.சி. வோல்ட்டுக்கும் 20 கிலோ ஆம்பியர் வெட்டும் திறனுக்கும் மதிப்பிடப்பட்ட ஃபியூஸ் ஒன்று இருந்தே ஆக வேண்டும். ‘டி’ (ஆங்கில T) வகுப்பு ஃபியூஸ் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால், நேர்மின்சார மதிப்பும் உடலில் அச்சிடப்பட்ட எச்.ஆர்.சி. (பெரிய மின்னோட்டத்தை வெட்டும்) ஃபியூஸும் அதன் பிடியும் உங்கள் ஊர் எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கார் ஆடியோக் கடைகளில் விற்கும் கண்ணாடி மூடிய ஃபியூஸ் இதற்கு ஆகாது.

சந்தேகப் பிராணி (புதன்கிழமை, இரவு 10.20)

இத்தனை பாடும் பட்டுத் தனித்தனிச் செல்லாக ஏன் கட்ட வேண்டும்? ஐ.இ.சி. 62619 பாதுகாப்புச் சான்றிதழ் உள்ள ஆயத்தப் பேட்டரி ஒன்றை வாங்கி, தகவல் பரிமாறும் கேன் கேபிளைச் செருகினால் இன்வெர்ட்டரும் பி.எம்.எஸ்.உம் தாமே பேசிக் கொள்ளுமே.

பீன்யா பொறியாளர் (வியாழக்கிழமை, காலை 7.30)

புதிதாகத் தொடங்குபவருக்கு நானும் அதைத்தான் சொல்வேன். தொழிற்சாலையில் பற்றவைத்த பஸ்பாரில் வாஷர் இடம் மாறாது. ஆனால் ‘செருகினால் பேசும்’ என்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. இரு பக்கமும் ஒரே மாதிரிச் செருகியாக இருந்தாலும், எந்த ஊசியில் கேன், எந்த ஊசியில் ஆர்.எஸ்.485 (இன்னொரு தகவல் முறை) என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். கணினிக்கான நெட்வொர்க் கேபிளை அப்படியே செருகி விட்டு, பேசவில்லை என்று பி.எம்.எஸ்.ஐத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு. இரண்டு கையேடுகளின் ஊசி வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துக் கேபிளைச் செய்ய வேண்டும். பேச ஆரம்பித்து விட்டால் பயன் பெரிது: ஒரு செல் முந்துவதைக் கண்டதும் பி.எம்.எஸ். கதவை அடைக்காமல், ‘மின்னோட்டத்தைக் குறை’ என்று இன்வெர்ட்டரிடம் கேட்கும். இந்த நண்பரின் பி.எம்.எஸ்.இலும் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் கையால் வைத்த 55.2ஐ மாற்ற வேண்டாம். கேபிள் கழன்ற நாளில் அதுதான் காப்பாற்றும்.

ராமமூர்த்திநகர் வாசி (மறு வாரம் புதன்கிழமை, மாலை 6.15)

ஐந்து நாட்களாக நீங்கள் சொன்னபடி 54.4இலிருந்து படிப்படியாக ஏற்றினேன். முதல் நாள் ஒன்பதாவது செல் 3.54 வரை ஏறி நின்று, மாலை நான்கு மணிக்கு 3.47க்கு இறங்கியது. ஒரு நாள் மேகமூட்டம். அன்று எதுவும் நடக்கவில்லை. இன்று 55.2இல், உச்சத்தில் இருந்த செல் 3.458, அடியில் இருந்தது 3.446. ஒன்பதாவது எது என்று தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது.

எஸ்.பி. ரோட்டில் மூன்றாவது கடையில் 160 ஆம்பியர் எச்.ஆர்.சி. ஃபியூஸும் பிடியும் கிடைத்தன. 250 வோல்ட் நேர்மின்சாரம் என்று அதில் அச்சிட்டிருந்ததைப் பார்த்த பிறகே பணம் கொடுத்தேன். பேட்டரியை மீண்டும் இன்வெர்ட்டரோடு இணைக்கும்போது படாரென்று பொறி பறந்தது. அது பிழையா?

ஐப்பசி மழையில் வாரக்கணக்கில் பேட்டரி நிரம்பாமல் போனால் பேலன்சர் என்ன செய்யும் என்பதும் கேள்வி.

பழைய மின்பணியாளன் (புதன்கிழமை, இரவு 8.00)

பொறி, இன்வெர்ட்டருக்குள் காலியாக இருந்த மின்தேக்கிகள் ஒரே மூச்சில் நிரம்பியதால் வந்தது. பிழையன்று, ஆனால் ஒவ்வொரு முறையும் அது பிரேக்கரின் முனையையும் மாஸ்ஃபெட்டையும் அரிக்கும். அடுத்த முறை 50 ஓம், 50 வாட் மின்தடை ஒன்றை, அணைத்திருக்கும் பிரேக்கரின் இரு முனைகளுக்கும் குறுக்கே சில விநாடிகள் பிடித்து, பிறகு பிரேக்கரைப் போடுங்கள்.

பீன்யா பொறியாளர் (புதன்கிழமை, இரவு 8.30)

மழைக்காலத்தில் 3.42ஐத் தொடாத நாட்களில் பேலன்சர் தூங்கும்; அதுவே சரி. எத்தனை சதவீதம் மிச்சம் என்ற கணக்கும் மெல்ல மெல்லப் பிசகும், ஏனெனில் பி.எம்.எஸ். தன் ஷண்ட் (மின்னோட்டத்தை அளக்கும் சிறு தடை) வழியே போகும் ஆம்பியரை எண்ணித்தான் அதைச் சொல்கிறது; முழுதாக நிரம்பும்போதுதான் அந்தக் கணக்கு மீண்டும் நேராகும். பதினைந்து நாளாக நிரம்பவில்லை என்றால் ஒரு நாள் மட்டும் இன்வெர்ட்டரில் பெஸ்காம் மின்சாரத்தால் ஏற்றும் வசதியை இயக்கி, 55.2ஐத் தொட்டு ஒரு மணி நேரம் நிற்க விடுங்கள். ஃபியூஸ் பிடியின் நட்டையும் டார்க் ரெஞ்ச் கொண்டே முடுக்கினீர்களா?

ராமமூர்த்திநகர் வாசி (புதன்கிழமை, இரவு 8.50)

முடுக்கினேன், அம்மா. வாஷர் மேலேதான் இருக்கிறது. படம் எடுத்தும் வைத்திருக்கிறேன்.